பச்சை நூல் போட்ட தோல்

மற்ற ஊர்களில் தோல் வார் வாங்க வருகிறவர்கள் எத்தனை வருடம் பாவிக்கலாம் என்று கேட்பார்களாம். திருகோணமலையில் என்ன மிருகம் என்றுதான் முதலில் கேட்பார்கள். பதினைந்து வருடமாக உட்துறைமுகப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் வார் தைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கிப் போனவர்கள் நிலாவெளிக்குக் கடல் குளிக்க வந்த வெள்ளைக்காரர்கள் மட்டும்தான்.

சைவக்காரர் சிலர் மாட்டுத்தோல் வேண்டாம் என்பார்கள். இடுப்பில் கட்டும் பெல்ட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்கூட, கோயிலுக்குக் கையில் கட்டிக்கொண்டு போகும் மணிக்கூட்டுப் பட்டி என்றால் குரலைத் தாழ்த்தி விசாரிப்பார். தோளில் தவிலைத் தொங்கவிடும் வாருக்கு ஓடர் தந்த ஒருவர், "மாடு வேண்டாம், எருமை எண்டால் பரவாயில்லை" என்றார். எருமை கேட்டால் கோவித்துக்கொள்ளும் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். முஸ்லிம்கள் கேட்பது ஒன்றே ஒன்று: பன்றி இல்லைதானே? நானோ கத்தோலிக்கச்சி, பாலையூற்றில் வீடு. எங்கள் குசினியில் மாடும் வேகும், நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, பன்றியும் வேகும். எனக்கு விலக்கு என்று ஒன்றும் இல்லாததால்தான் எல்லாப் பக்கமும் என்னை நம்பினார்கள் என்று நினைக்கிறேன். "நீங்கள் ஆருக்காகவும் பொய் சொல்லத் தேவையில்லைத்தானே" என்று ஒரு ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த நம்பிக்கை எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன். எழுதும்போதே கோபம் வருகிறது. வரட்டும்.

என் கணவர் அப்போது துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்தார். இப்போது கட்டாரில் அதே வேலை. அவருக்குக் கொடுத்திருந்த ஏப்ரன் ரெக்சின் துணி. தீப்பொறி பட்ட இடமெல்லாம் உருகி, உள்ளே சேர்ட்டும் பொத்துப்போயிருந்தது. நான் கொழும்பிலிருந்து மாட்டுத்தோலின் உள்படையை எடுப்பித்துத் தைத்துக் கொடுத்தேன். மேற்படையை உரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது அது. பார்க்க அழகில்லை, சொரசொரவென்று இருக்கும், ஆனால் நெருப்புப்பொறி அதில் விழுந்தால் அப்படியே அணைந்துபோகும். அவருடைய கூட்டாளிகள் ஆளுக்கொன்று கேட்டார்கள். அதில் தொடங்கியதுதான் கடை. கணவரின் தங்கச்சி, என் மச்சாள், முதல் மாதமே வந்து சேர்ந்துகொண்டாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் தைப்பேன், அவள் கொழும்புக்குப் போய்ச் சப்பாத்துத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் துண்டுத் தோல்களை வாங்கி வருவாள். பஸ்ஸில் எனக்குத் தலைசுற்றும், அவளுக்குச் சுற்றாது. வேலை பிரித்த விதம் அவ்வளவுதான்.

செவுளைத் திறந்து பார்க்காமல் மீன் வாங்காத ஊர் இது. ஆனால் தோலைத் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஒருவரை நான் இன்னும் காணவில்லை. பாரம் தாங்கும் வாருக்கு மாட்டின் முதுகுத்தோல் வேண்டும். வயிற்றுத்தோல் தொட்டால் மெத்தென்று இருக்கும், வாங்குகிறவருக்கு அதுதான் பிடிக்கும், மூன்று மாதத்தில் நெகிழ்ந்து போய்விடும். துண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தால் எந்தப் பக்கத்துத் தோல் என்று கையே சொல்லிவிடும். எருமை இன்னும் முரடு, படகுக்காரர் கேட்கும் கனத்த வாருக்கு நல்லது. செம்மறி மேல்சட்டைக்கு அழகாக வளையும், ஆனால் தையல் இழுத்தால் கிழியும். வெள்ளாடு மெல்லிசு, இருந்தும் லேசில் கிழியாது. ஆகவே உடம்பில் படும் உட்பக்கத்துக்கு வெள்ளாடுதான். எங்கள் கடையில் நல்ல வார் என்றால் வெளியே மாடு, உள்ளே ஆடு.

பதனிட்டுச் சாயமும் ஏற்றிவிட்டால் மெல்லிய தோல்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். எது எது என்று குழம்பாமல் இருக்க நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். தோல் வாங்கும்போதே சுருளின் ஓரத்தில் ஒரு நூல் தைத்துவிட வேண்டும். சிவப்பு மாடு, கறுப்பு எருமை, வெள்ளை செம்மறி, பச்சை வெள்ளாடு. வெட்டும்போது அதே நிறத்தில் பட்டியின் உள்மடிப்பிலும் ஒரு தையல். இது என் யோசனை. வாடிக்கையாளர் கேட்டால் மடிப்பை விரித்துக் காட்டுவேன், அவர்களுக்கும் திருப்தி, எனக்கும் பெருமை. அந்தப் பெருமையிலே நான் தோலைப் பார்ப்பதை விட்டுவிட்டு நூலைப் பார்க்கப் பழகிப்போனேன். வாங்குகிறவள் மச்சாள், நூல் போடுகிறவளும் அவள்தான்.

பொய்க்கால் போடும் நிலையத்திலிருந்து இடைக்கிடை ஆள் அனுப்புவார்கள். அங்கே கொடுக்கும் நைலோன் பட்டி சிலருக்குத் தோலை உரித்துவிடும். அப்படி வந்தவர்தான் நானா; மூத்த முஸ்லிம் ஆண்களை இங்கே அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவோம். மீன் சந்தைப் பக்கம் வலைக்கடை வைத்திருக்கும் கிண்ணியாக்காரர், என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். சீனி வருத்தத்தில், நீரிழிவில், இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்காலைத் தொடையோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டி அவருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. தொடையைச் சுற்றிச் சிவந்து, கொப்புளம் போட்டிருந்தது.

"கடையில இருந்து வியாபாரம் பார்க்கலாம் தங்கச்சி, அது பிரச்சினையில்லை" என்றார். "பள்ளிவாசலிலதான் கஷ்டம். கடைசி மூலையில ஒரு கதிரை போட்டுத் தாறாங்க. எல்லாரும் தோளோட தோள் முட்டி நிக்கிறாங்க, நான் மட்டும் என்னமோ வேடிக்கை பார்க்க வந்த ஆள் மாதிரி இருக்கிறன். ரெண்டு வருஷமாச்சு. வரிசையில நிண்டு தொழ வேணும். வேறொண்டும் வேணாம் எனக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் சிரிக்கவில்லை.

தொடையை அளந்து, வெளியே மாட்டு முதுகும் உள்ளே பச்சை நூல் போட்ட சுருளிலிருந்து ஒரு துண்டுமாக வெட்டினேன். அந்த உள்தோல் வழுவழுவென்று, பழுப்பு நிறப் பூச்சோடு, கையில் எடுக்கவே சுகமாக இருந்தது. முதல் தடவை கட்டிப் பார்க்கும்போது அவர் பட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"குறை நினைக்காதீங்க. பண்டி ஒண்டும் இல்லைதானே?"

மடிப்பை விரித்துப் பச்சைத் தையலைக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என்ர ரெண்டு பிள்ளையள் மேல ஆணையா ஆடுதான் நானா" என்றேன். ஆணையிடக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து பூசைப் பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவள் நான். அவருடைய முகத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது. மச்சாள் என் பக்கத்தில் நின்று நூலுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நானா ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறைய இறால். "ரெண்டாவது வரிசை தங்கச்சி" என்றார். "குனியக்குள்ள கொஞ்சம் ஆடினன், பக்கத்தில நிண்டவர் முழங்கையைப் பிடிச்சார். அவ்வளவுதான்." வாசலில் நின்று என் முன்னாலேயே குனிந்து நிமிர்ந்து காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தைத்த எத்தனையோ வாரில் அந்த ஒன்றைப் பற்றித்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மச்சாளும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் சொல்ல மறந்த இடத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள், பக்கத்தில் நின்றவர் முழங்கையைப் பிடித்த கதையை. 

ஏழு மாதம் கழித்து ஒருநாள் மதியத்துக்கு முன்னால் நானா வந்தார். பக்கிள் கழன்றுவிட்டது. முன்னால் கதிரையில் உட்கார்ந்து பொய்க்காலைக் கழற்றி, பட்டியை என்னிடம் தந்துவிட்டுப் பேப்பர் வாசிக்கத் தொடங்கினார். இரண்டு நிமிட வேலை. பட்டியைத் திருப்பினேன்.

வேர்வையில் உள்தோலின் பழுப்புப் பூச்சு உரிந்துபோயிருந்தது. அடியில் இருந்த தோல் வெளியே தெரிந்தது. முடி முளைத்த துளைகள் மூன்று மூன்றாக, ஒரு சின்ன முக்கோணம் மாதிரி, தோல் முழுக்க. வெள்ளாட்டுக்கு அப்படி இராது. செம்மறிக்கு இராது. துளை மும்மூன்றாக வருவது பன்றிக்குத்தான். இந்தத் தொழிலில் முதல் கிழமையே படித்த பாடம் இது, பேப்பரில் படம் கீறி மச்சாளுக்குக் காட்டிக் கொடுத்ததும் நான்தான்.

 பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து பச்சை நூல் போட்ட சுருள்களை ஒவ்வொன்றாக விரித்தேன். நகத்தால் பூச்சைச் சுரண்டச் சுரண்ட அதே மூன்று துளை. ஐந்து சுருளில் நான்கு பன்றி.

மச்சாள் பின்னால் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பட்டியோடு போனேன். முன்னால் நானா இருப்பதால் குரலை உயர்த்த முடியாது.

"இது என்ன தோல் மச்சாள்?"

"பச்சை நூல்தானே கிடக்கு."

"நூலைக் கேட்கேல்லை. தோலைக் கேட்டனான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பட்டியைத் தொடக்கூட இல்லை. "ஆடு கிடைக்கேல்லை" என்றாள்.

 ஏமாந்து வாங்கிவிட்டாள், அவளையும் கொழும்பில் எவனோ ஏய்த்துவிட்டான், இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டலாம் என்ற நினைப்போடுதான் நான் குசினிக்குள் நுழைந்திருந்தேன். அவளோ தெரிந்த விசயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"முதல் தரம் எனக்கும் தெரியாது" என்றாள். "தோல்காரன் ஆட்டு லைனிங் எண்டு தந்தவன், வாங்கினனான். ரெண்டாம் தரம் போகேக்கைதான் சொன்னவன், ஆடு இப்ப வாறேல்லை, எல்லாம் பண்டிதான் எண்டு. அதுக்குள்ள பாதி தைச்சுக் குடுத்திட்டம். அவ்வளவு தூரம் போயிட்டு வெறுங்கையோட வந்து உங்களிட்ட என்னெண்டு சொல்லுறது? வெக்கமாக் கிடந்தது."

"எவ்வளவு காலம்?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"நான் இவருக்குப் பிள்ளையளில ஆணையிட்டனான். நீ பக்கத்தில நிண்டனீ." அவ்வளவு வருடத்தில் அன்றைக்குத்தான் அவளை முதல் தடவையாக நீ என்றேன்.

"நிண்டனான்."

"அப்ப உனக்குத் தெரியும்."

"ஓம்" என்றாள். பிறகு, "நத்தாருக்கு நீங்களும் நானும் வச்சுத் தின்னுறதுதானே. காலில பட்டா என்ன வந்திடப்போகுது? அந்த மனிசனுக்குப் புண்ணும் ஆறிப்போச்சு" என்றாள்.

அடிக்கக் கை ஓங்கியதில்லை நான் வாழ்க்கையில். அன்றைக்கு ஓங்கியிருப்பேன், முன்னால் ஆள் இருந்ததால் தப்பினாள். பன்றி என்றதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் பிள்ளைகளின் தலையில் நான் பொய்யாணை வைக்கும்போது மெழுகு பூசிக்கொண்டு நின்றாளே, அவளுடைய அண்ணனின் பிள்ளைகள் அவர்கள், அதுதான் பொறுக்கவில்லை. என் பெருமைக் கதைக்கு எடுத்துக் கொடுத்தாளே, அது பொறுக்கவில்லை. இன்றைக்கும் பொறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் லுஹருக்கு, மதியத் தொழுகைக்கு, அழைக்கும் பாங்கு கேட்டது. முன்னாலிருந்து நானாவின் குரல்.

"தங்கச்சி, பாங்கும் சொல்லியாச்சு. முடிஞ்சுதா?"

"ஓம் நானா, வாறன்."

முன்னுக்கு வந்து உட்கார்ந்து புதுப் பக்கிளைத் தைத்தேன். தைக்கும் நேரத்தில் ஆயிரம் யோசனை. இப்போது சொன்னால் அவர் இதை எப்படிக் கட்டிக்கொண்டு போவார்? காலில்லாமல் என் கடைக் கதிரையில் இருந்துவிடுவார். ஒரு கிழமையில் நல்ல ஆட்டுத்தோல் எடுத்து மாற்றிக் கொடுத்துவிட்டால், யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும், அவருக்கும் மனவருத்தம் இல்லை. அவருக்காகத்தான் யோசிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டியை அவரிடம் நீட்டினேன்.

"உள்தோல் கொஞ்சம் தேய்ஞ்சு போச்சு நானா. புதுசு போட்டுத் தாறன், ஒரு கிழமை பொறுங்கோ."

"ஏழு மாசத்தில ஆட்டுத்தோல் தேஞ்சிடுமா?"

பகிடியாகத்தான் கேட்டார். பக்கிளை இறுக்கிக்கொண்டே கேட்டார், என்னைப் பார்க்கவும் இல்லை.

"வேர்வை பட்டால் தேயும்தானே. ஆடு மெல்லிசு நானா" என்றேன்.

அவர் எழும்பி, சாரத்தைச் சரிசெய்து, பள்ளிக்குப் போனார்.

அன்றைக்குப் பின்னேரமே மச்சாளை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, லிங்கநகரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனாள். கணவர் கட்டாரிலிருந்து போனில் கூப்பிட்டார். "அவளுக்கு வேற ஆர் இருக்கினம்? வேணுமெண்டு செய்திருக்க மாட்டாள்" என்றார். வேண்டுமென்றுதான் செய்தாள், கேட்டுப் பாருங்கோ என்று போனை வைத்துவிட்டேன். தங்கச்சி என்றால் இவருக்குக் கண் தெரியாது.

தலைசுற்றினாலும் பரவாயில்லை என்று நானே யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். செருப்புத் தைக்கும் ஒருவரிடம் பூச்சுப் பூசாத வெள்ளாட்டுத்தோல் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் தடவை போனபோது அவர் இல்லை. இரண்டாம் தடவை கிடைத்தது. பகல் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்து வாங்கினேன். மிஞ்சியிருந்த பன்றிச் சுருள்களைக் கட்டி எறிந்தேன். அலுமாரியைத் துடைத்தேன். இதையெல்லாம் செய்யும்போது வாய் ஓயவில்லை. மச்சாளைத் திட்டினேன், அவளை நம்பிய என்னைத் திட்டினேன். கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த சிநேகிதியிடம் ஒரு முழுப் பின்னேரமும் அவளைப் பற்றிக் கதைத்தேன், பன்றி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு. தினமும் லுஹருக்குப் பாங்கு கேட்கும். இப்போது நானா பட்டியை இறுக்குவார் என்று நினைப்பு வரும். உடனே மச்சாள் மேல் கோபம் வரும். அவளைத் திட்ட எனக்கு நேரம் இருந்தது, நானாவுக்கு ஒரு போன் எடுக்க நேரம் இருக்கவில்லை.

புதுப் பட்டி தைத்து முடித்ததும் அவரை வரச் சொன்னேன். கட்டிப் பார்த்தார், நடந்தார், குனிந்தார். கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, பழகிவிடும் என்றார். பழைய பட்டி மேசையில் கிடந்தது. நான் அதை எடுத்து ஓரமாக வைக்கப் போனேன். நிம்மதியாக இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

"அதை எறிஞ்சிடாதீங்க தங்கச்சி" என்றார். "மூதூரில என்ர மச்சினன் ஒருத்தர் இருக்கிறார், அவருக்கும் சீனிதான், போன மாசம் கால் எடுத்தாங்க. பள்ளிக்குப் போக ஏலாம அழுறார். நான் என்ர கதையைச் சொன்னன். இந்தப் பட்டியைக் கொண்டுபோய்க் குடுத்தா அவர் எழும்பி நிப்பார்."

கையை நீட்டினார்.

கிழிந்துவிட்டது நானா, பாவிக்க ஏலாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவருடைய கை நீட்டியபடியே இருந்தது. பட்டியை என் மடியில் வைத்துக்கொண்டு, "இது ஆடில்லை நானா" என்றேன். "பண்டி."

அவர் நீட்டிய கையை உடனே எடுக்கவில்லை. விளங்க நேரம் எடுத்தது. நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். கொழும்பில் ஆடு கிடைக்காதது, மச்சாள் பச்சை நூலைப் போட்டது, ஒரு வருடத்துக்கு மேல் மறைத்தது, நான் ஆணையிடும்போது பக்கத்தில் நின்றது, அவளை நான் துரத்திவிட்டது. புதுப் பட்டியில் உடம்பில் படுவது எல்லாம் நானே பார்த்து வாங்கிய வெள்ளாடு என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை. அவர் அழவில்லை, கத்தவும் இல்லை.

"பண்டி பட்டா ஏழு தரம் கழுவ வேணும்" என்றார் மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோல. "ஒரு தரம் மண் கலந்து. உடுப்பெல்லாம். தொழுத தொழுகை செல்லுமா எண்டு மௌலவிட்டத்தான் கேட்க வேணும்." பிறகு என்னைப் பார்த்தார். "உங்களை ஏமாத்திப் போட்டாங்க தங்கச்சி. உங்கட பிழை இல்லை."

அந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன் போல. எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. "சொந்த ஆள் நானா" என்றேன். "சொந்த ஆளே இப்படிச் செய்தால் நான் ஆரை நம்புறது?"

அவர் தலையாட்டினார். புதுப் பட்டியின் பக்கிளை ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

பொய் சொல்லத் தெம்பு இல்லை. "பக்கிள் தைக்க வந்தீங்களே, அண்டைக்கு."

"நான் இதில இருக்கக்குள்ளயா?"

"ஓம்."

அவர் விரல் விட்டு எண்ணினார். எனக்கு எண்ணத் தேவையில்லை, பதினொரு நாள்.

"அண்டைக்கு நான் கேட்டன்தானே" என்றார். "ஆட்டுத்தோல் தேயுமா எண்டு."

நான் மடியில் கிடந்த பட்டியைச் சுருட்டினேன்.

"மச்சாள் ஏன் மறைச்சாவாம்?"

"வெறுங்கையோட வந்து சொல்ல வெக்கமா இருந்ததாம்."

"நீங்க?"

வெளியே ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். நானா திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எனக்கும் வெக்கம்தான் நானா" என்றேன்.

"ஏழு மாசம் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றார். "அதை அல்லா பார்த்துக்கொள்ளுவான். இந்தப் பதினொரு நாளும் நீங்க தெரிஞ்சுகொண்டு என்னை அனுப்பினீங்க." கதிரையின் கையைப் பிடித்து எழும்பினார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். நடந்து போய் ஓட்டோவில் ஏறினார்.

பச்சை நூல் போட்ட பட்டி வாங்கியிருந்த மற்ற முஸ்லிம் ஆட்களையும் பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். சிலர் ஏசினார்கள், ஒருவர் பட்டியைக் கொண்டுவந்து என் வாசலில் போட்டுவிட்டுப் போனார். அது எல்லாம் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது.

நானா போன அன்று பின்னேரம் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். பதினொரு நாள் சேர்த்துவைத்ததை எல்லாம் அவளுடைய முகத்தில் அறைந்த மாதிரிச் சொல்லவேண்டும் என்று வெறி. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "மச்சாள்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். தெரிந்துகொண்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவேண்டும். அதைத்தவிர அவளிடம் கேட்க என்னிடம் வேறு கேள்வி இல்லை. அதைக் கேட்க என்னால் ஏலவில்லை. அவள் இன்னும் இரண்டு தடவை மச்சாள், மச்சாள் என்றாள், நான் போனை வைத்துவிட்டேன்.